கேச்சியாவில் வசந்தம்: காய்கறிச் சந்தையைக் கேளுங்கள்

துணி வேலையாகத் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து கேச்சியாவுக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் வந்து இறங்குவார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து சாயப்பட்டறைகள் திறக்கிற நேரம் அது. வந்த ஒரு வாரத்தில் எனக்குப் போன் வரும். "அக்கா, வசந்தம்னு சொன்னாங்க. வெறும் மழையும் குளிருமா இருக்கு. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்னதான் பண்றது?" அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கரூர்க்காரி. ஏற்றுமதிக்குப் போகிற துணியைப் பார்த்துப் பாஸ் பண்ணுவது என் வேலை. கேச்சியாவ் என்பது சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில் ஷாவ்ஷிங் நகரத்தின் ஒரு பகுதி. ஹாங்சோ பக்கத்து ஊர். அதனால் நான் சொல்வதில் முக்கால்வாசி இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். பெய்ஜிங்கிலும் குவாங்சோவிலும் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

முதல் வேலை, போனில் மூன்று காலண்டரை ஏற்றிக்கொள்ளுங்கள். பண்டிகைகள் சந்திரக் கணக்கு. புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரும். அதிலிருந்து பதினைந்தாம் நாள், பௌர்ணமியில், விளக்குத் திருவிழா. சாப்பாடும் பருவமும் சூரியக் கணக்கு. சூரியன் 15 பாகை நகர்ந்தால் ஒரு பருவம், ஆண்டுக்கு 24. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்த்தார்கள். சங்கராந்தி பார்த்து மாதம் பிறக்க வைக்கிற நமக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். பிப்ரவரி 4 வாக்கில் லிச்சுன், மார்ச் 5 வாக்கில் ஜிங்ஜே, மார்ச் 20 வாக்கில் ச்சுன்ஃபென், ஏப்ரல் 4 அல்லது 5-ல் ச்சிங்மிங், ஏப்ரல் 20 வாக்கில் கூயூ. மே 5 வாக்கில் லிஷியா வந்தால் கணக்குப்படி கோடை. இந்தத் தேதிகள் ஒரு நாள் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது அரசாங்க விடுமுறைப் பட்டியல். 2025 முதல் ஆண்டுக்கு 13 நாள். ச்சிங்மிங்குக்கு ஒரு நாள், மே தினத்துக்கு இரண்டு நாள். ஆனால் நீண்ட விடுமுறையாக நீட்டிக் கொடுப்பதற்காக முன்னாலோ பின்னாலோ ஒரு சனிக்கிழமையையோ ஞாயிற்றுக்கிழமையையோ வேலை நாளாக்கிவிடுவார்கள். பட்டியலைப் பார்க்காமல் அந்த நாளில் பிக்னிக் போட்டுவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்.

என் அனுபவத்தில் இந்த மூன்றில் நம்பி நடக்க வேண்டியது சூரியக் காலண்டர்தான். அதைவிட நம்பகமானது காய்கறிச் சந்தை. ஜியாங்னான் என்று சொல்கிற இந்த யாங்சி தென்கரைப் பக்கத்தில் வசந்தத்தைப் பார்க்கிறதைவிடச் சாப்பிடுகிறது அதிகம். ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும். விட்டால் அடுத்த வருஷம்.

வானிலையைப் பேசி முடித்துவிடுகிறேன். தினசரிச் சராசரி வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல் ஐந்து நாள் நின்றால்தான் வானிலைத் துறை வசந்தம் வந்ததாகச் சொல்லும். இங்கே அது பெரும்பாலும் மார்ச் நடுவில். அதற்கு முன்னால் இருப்பது ஈரக் குளிர். வடக்கில் இருப்பது போல வீடு முழுக்கச் சூடாக்கும் பொதுக் குழாய் இங்கே கிடையாது. ஏசியில்தான் ஹீட்டர் ஓட்ட வேண்டும். மார்ச்சில் திங்கட்கிழமை 24 டிகிரி அடித்துவிட்டு வியாழக்கிழமை 7 டிகிரிக்கு இறங்கும். வெயிலைப் பார்த்து உடனே உள் ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர்காலத்தில் கொஞ்சம் குளிர விடு என்பது இவர்கள் வழக்கு. உங்கள் குழந்தை அரைக்கை சட்டையோடு லிஃப்டில் நின்றால் முன்பின் தெரியாத பாட்டி அதன் முதுகுக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்து உங்களைத் திட்டுவார். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது பாசம்.

துணி காயாது. டிரையர் இல்லாத வீடென்றால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள், மழைக்காலம் வரை உதவும்.

சரி, சந்தைக்கு வருவோம். சூப்பர்மார்க்கெட்டை விட்டுவிட்டுக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் காய்கறிச் சந்தைக்குக் காலை ஏழு மணிக்கே போங்கள். உள்ளே மேடை போட்டு விற்பவர்களைத் தாண்டி, வெளிவாசலில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களைப் பாருங்கள். சொந்தக் கொல்லையில் பறித்தது அவர்களிடம்தான் இருக்கும். கழுத்தில் கியூஆர் அட்டை தொங்கும், போனில் வீசாட் அல்லது அலிபே செயலியில் அதை ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டினால் போதும். விலை எல்லாம் ஜின் கணக்கு. ஒரு ஜின் 500 கிராம். கிலோ என்று நினைத்து மலிவு என மகிழ்ந்துவிடாதீர்கள்.

மார்ச்சில் முதலில் வாங்க வேண்டியது மூங்கில் குருத்து. ஒல்லியாக, கறுத்த தோலோடு வருவது முன்வரவு, பிஞ்சு. பழுப்பு ரோமத்தோடு முழங்கை தடிமனில் வருவது பெரிய மூங்கிலின் குருத்து, கொஞ்சம் பின்னால் வரும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், வெட்டின அடிப்பக்கம் வெள்ளையாக ஈரமாக இருக்க வேண்டும், ஒட்டியிருக்கும் மண்ணும் காயாமல் இருக்க வேண்டும். தோண்டி எடுத்த நிமிஷத்திலிருந்து அது முற்றிக்கொண்டே போகும். அதனால் நாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

உரிக்கிற விதம்: நுனியிலிருந்து அடிவரை கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல். கீறின இடத்தில் கட்டைவிரலை விட்டுச் சுழற்றினால் தோல் முழுக்க ஒரே மூச்சில் கழன்று வரும். உப்புத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொண்டையைக் கரகரக்க வைக்கிற காரமும் கசப்பும் அதோடு போய்விடும். அப்புறம் கத்தியைப் படுக்கவைத்துக் குருத்தின் மேல் ஒரு தட்டு. நசுங்கி நாராகப் பிளக்கும், அந்தப் பிளவில்தான் ருசி ஏறும். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தாராளமாக எண்ணெய் விட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்கி, சோயா சாஸ், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கைப்பிடித் தண்ணீர் சேர்த்து மூடி வைத்துச் சிறு தீயில் பத்து நிமிஷம். கடைசியில் தீயைக் கூட்டிச் சாறு சுண்டினால் பளபளப்பாகும். இதுதான் யோமென்சுன். ஹாங்சோ, ஷாவ்ஷிங் பக்கம் எல்லா வீட்டிலும் வசந்தத்தில் இது உண்டு, சுத்த சைவம். நான் இரண்டு காய்ந்த மிளகாயும் கிள்ளிப் போடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் ருசி பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினார்.

இதே குருத்தில் உப்புப் பன்றியும் புதுப் பன்றியும் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க வைக்கிற சூப் ஒன்று இந்தப் பருவத்தில் எல்லா ஓட்டலிலும் இருக்கும். சாப்பிடுகிறவர்களுக்கு அது பெரிய விருந்து. சாப்பிடாதவர்கள் "சைவ சூப்தானே, வெள்ளையாக இருக்கிறதே" என்று கரண்டி போட்டுவிட வேண்டாம்.

கீரை வகைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஜீசாய் என்பது காட்டுக்கீரை, வாசனையானது. வான்தான் என்கிற மாவுப் பொட்டலத்துக்கும் ஸ்பிரிங் ரோலுக்கும் பூரணமாகப் போடுவார்கள். பூத்துவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆனால் பூத்த ஜீசாய்க்கும் ஒரு நாள் உண்டு: சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், அதைக் கட்டாகக் கட்டி முட்டையோடு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். மாலான்தோ இன்னொன்று. தண்டு லேசாகச் சிவந்திருக்கும். கொதிநீரில் முக்கி எடுத்து, பிழிந்து, பொடியாக நறுக்கி, கெட்டி டோஃபுவைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டு, உப்பு, துளி சர்க்கரை, எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்தால் ஆயிற்று. பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் சப்பென்று போய்விடும்.

மூன்றாவது ஷியாங்சுன். இது கீரையல்ல, மரத்தின் செந்நிறக் கொழுந்து. வெங்காயமும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு நெடி. சிலருக்கு முகர்ந்ததுமே ஆகாது, எனக்கு உயிர். முதல் வாரம் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பதினைந்து நாள் பொறுத்தால் இறங்கிவிடும். கொதிநீரில் ஒரு நிமிஷம் போடுங்கள். சிவப்பு மறைந்து பச்சையாகிவிடும். இதை விட்டுவிடக் கூடாது, கொழுந்தில் இருக்கும் நைட்ரைட் குறைவதற்காகச் செய்வது. பிறகு நறுக்கி முட்டையில் அடித்து ஆம்லெட். கூயூவுக்கு முன்னால் பட்டு, பின்னால் கட்டை என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். ஏப்ரல் 20-க்கு அப்புறம் வாங்கினால் மெல்ல முடியாது.

சைவர்கள் ஓட்டலில் இரண்டு வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம். "பூ யாவ் ஜூ யோ" என்றால் பன்றிக் கொழுப்பு வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியம். ஏனென்றால் முதலாவதைக் கேட்டுவிட்டு இறைச்சியை எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் கீரையை வதக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அது எண்ணெய். சந்தேகமே வேண்டாமென்றால் புத்தர் கோயில் சாப்பாட்டுக்கூடம். அங்கே வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

மார்ச் நடுவிலிருந்து பேக்கரி வாசல்களில் பச்சை உருண்டைகள் ஆவி பறக்கும். ச்சிங்துவான். பசையரிசி மாவு, உள்ளே சிவப்புப் பயறு இனிப்பு, ஆவியில் வேகவைத்தது. நம் பூரணக் கொழுக்கட்டையைப் பச்சையாக, இன்னும் பிசுக்காகச் செய்தது போல இருக்கும். பச்சை நிறம் இந்தப் பக்கம் பெரும்பாலும் மாசிபத்திரி இனத்து இலையிலிருந்து வருகிறது. ஷாங்காயில் ஒருவகைப் புல்லின் சாற்றில் பிசைவார்கள். பூரணத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வழக்கம் உண்டு, எனவே மேலே சொன்ன இரண்டாவது வாக்கியத்தை இங்கேயும் பயன்படுத்துங்கள். மஞ்சள் கருவும் பன்றியிறைச்சித் தூளும் வைத்த வகை 2016-ல் ஷாங்காயின் ஷிங்ஹுவாலோ கடையிலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் பரவிவிட்டது. படம் பார்த்து வாங்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். சூடாகச் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஆறினால்தான் இழுவை வரும். சிறுபிள்ளைகளுக்குக் கத்தரியால் வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த உருண்டை எந்த நாளுக்கு உரியது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ச்சிங்மிங் முன்னோர் கல்லறையைக் கூட்டிப் பெருக்கிப் படையல் வைக்கிற நாள். 2008 முதல் அரசு விடுமுறை. ஆபீஸ் குரூப்பில் "ஹேப்பி ச்சிங்மிங்" என்று பூங்கொத்துப் படம் அனுப்பாதீர்கள். மஞ்சள், வெள்ளைச் சாமந்தி அன்றைக்குக் கல்லறைக்குப் போகும் பூ. நம் வீட்டில் சாமி படத்துக்குப் போடுவதைப் பார்த்து வருகிற விருந்தாளி திகைத்தால் விளக்கிவிடுங்கள், ஆனால் அவர்கள் வீட்டுக்குப் பரிசாக எடுத்துப் போக வேண்டாம். மலையடிவாரச் சாலைகள் எல்லாம் நெரியும். அந்த விடுமுறையில் நாங்கள் ஊரைத் தாண்டுவதில்லை. எங்கள் வழக்கம், விடுமுறைக்கு முந்தின வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஹாங்சோ.

கேச்சியாவிலிருந்து ஹாங்சோவுக்கு மெட்ரோவிலேயே போகலாம். ஷாவ்ஷிங் முதல் தடம் கூனியாங்ச்சியாவ் நிலையத்தில் ஹாங்சோ ஐந்தாம் தடத்தோடு சேர்கிறது. மேற்கு ஏரிக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மார்ச் கடைசியில் சூ கரையில் ஒரு பீச் மரம், ஒரு வில்லோ மரம் என்று மாறி மாறி நிற்கும். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று இளம்பச்சை. பதினோராம் நூற்றாண்டில் கவிஞர் சூ தோங்போ ஹாங்சோ அதிகாரியாக இருந்தபோது ஏரியைத் தூர்வாரின சேற்றைக் கொட்டிப் போட்ட கரை அது. கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர், ஆறு பாலம். காலை எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் மரம் தெரியாது, குடை தெரியும்.

ஏரியைத் தாண்டினால் லோங்ஜிங் தேயிலை மலைகள், மெய்ஜியாவூ கிராமம். ச்சிங்மிங்குக்கு முன்னால் பறித்த கொழுந்துக்குத்தான் மவுசு, விலையும் அப்படியே. பார்க்க வேண்டியது வாணலியை: வீட்டு வாசலிலேயே சூடான வாணலியில் வெறும் கையால் இலையை அழுத்தி அழுத்தி வறுப்பார்கள், அதனால்தான் இலை தட்டையாக இருக்கிறது. நம்மை மாதிரி டீத்தூள் கொதிக்க வைத்துக் குடித்தே வளர்ந்தவர்களுக்கு முதல் பறிப்பு வெந்நீர் மாதிரி தோன்றலாம். என் சிபாரிசு, ச்சிங்மிங்குக்கும் கூயூவுக்கும் நடுவில் பறித்தது: ருசி தூக்கலாக இருக்கும், விலையும் குறைவு. பளீர்ப் பச்சையாக இருந்தால் யோசியுங்கள். நல்லது லேசான மஞ்சள் கலந்த பச்சை. பெட்டியில் போலிக்கு எதிரான அரசு லேபிளும் கியூஆரும் இருக்கிறதா பாருங்கள். ஐம்பது கிராம் வாங்கினால் போதும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் இலை, 80 டிகிரிக்கு ஆறவைத்த தண்ணீர். பால் வேண்டாம். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், பக்கத்தில் சாம்பார்ப் பொடி டப்பா இருக்கக் கூடாது.

ரயிலில் தூரம் போகிறவர்கள் 12306 செயலியில் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், விடுமுறை வண்டிகள் திறந்ததும் காலியாகிவிடும்.

ஷாவ்ஷிங்கிலேயே இரண்டு இடம் உண்டு. ஒன்று லான்திங். 353-ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், எழுத்துக்கலையின் பேராசான் வாங் ஷீஜி நண்பர்களோடு ஓடைக்கரையில் உட்கார்ந்தார். மதுக் கிண்ணம் ஓடையில் மிதந்து வரும். யார் முன் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும், இல்லையென்றால் குடிக்க வேண்டும். இன்றைக்கும் அதே நாளில் அங்கே எழுத்துக்கலை விழா நடக்கிறது. கூட்டம் பிடிக்காதென்றால் மறுநாள் போங்கள்; ஓடையும் மூங்கிலும் எங்கேயும் போய்விடாது. இன்னொன்று வான்வெய் மலையின் செர்ரி மரங்கள். பூ ஒரு வாரம்தான் நிற்கும், நடுவில் ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. மழைக்கு முந்தின நாள் போவதுதான் சூட்சுமம்.

ஏப்ரல் 14-ல் நம் புத்தாண்டு. வேப்பம்பூவுக்கு எங்கே போவது என்று எல்லாரும் கேட்பார்கள். ஹைனான் மாங்காய், மாம்பழம் அப்போது தாராளமாகக் கிடைக்கும்; பச்சடிக்குக் குறையில்லை. வேப்பம்பூவுக்குப் பதில் நான் ஷியாங்சுன் கொழுந்தைக் கொதிநீரில் போட்டெடுத்து, நன்றாகத் துடைத்து, நெய்யில் மொறுமொறுவென்று வறுத்துத் தூவுகிறேன். வேம்புக் குடும்பத்து மரம்தான் அது. கசப்பு வராது, கசப்பு கட்டாயம் வேண்டுமென்றால் பாகற்காய்ச் சீவல் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாட்களில் யுன்னானின் ஷிஷுவாங்பன்னாவில் தை இன மக்களுக்கும் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். லீவு கிடைத்தால் ஒருமுறை போய் நனைந்துவிட்டு வாருங்கள். போனை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு. பெய்ஜிங்கில் மார்ச், ஏப்ரலில் புழுதிக்காற்று வரும். அது போனதும் வில்லோ, பாப்லர் மரப்பஞ்சு மூக்கைத் துளைக்கும். மாஸ்க் இல்லாமல் முடியாது. குவாங்சோவில் தெற்குக் காற்று திரும்பும் சில நாட்களில் சுவரும் தரையும் வியர்த்து வழியும். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம், மூடிவிட்டு ஈரம் உறிஞ்சியை ஓட்டுங்கள். ஹாங்சோ, நான்ஜிங் சாலைகளில் ஏப்ரல் கடைசியில் பிளேன் மரத்தின் ரோமம் உதிரும். கண்ணாடி போட்டுக்கொண்டு நடங்கள், ஸ்கூட்டரில் போகிறவர்கள் கட்டாயம்.

ஏப்ரல் கடைசியில் சான்தோ வரும், ஃபாவா பீன்ஸ் என்று சொல்வார்களே, அது. பிஞ்சாக இருந்தால் தோலோடு வெங்காயத்தாள் போட்டு வதக்கினால் போதும். ஆனால் ஒன்று: ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அணுக்கள் உடைந்துவிடும். குழந்தைக்கு அந்தப் பரிசோதனை செய்த ரிப்போர்ட் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மே தொடக்கத்தில் கேச்சியாவில் ஜவுளிக் கண்காட்சி. ஊரிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள், நமக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதே வாரத்தில்தான் லிஷியா. அந்த நாள் பழைய தெருப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பெரிய தூக்குத் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, கூடையில் குழந்தைகளை உட்காரவைத்து எடை போடுவார்கள். போட்டால் கோடையில் உடம்பு வாடாதாம். அவித்த முட்டையை நூல் வலையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் முட்டையோடு முட்டை மோதி, உடையாதது யாருடையது என்று பார்ப்பார்கள். முட்டையைக் கொஞ்சம் கூடுதலாக அவித்துக்கொண்டு போங்கள், முதல் மோதலிலேயே உடைந்தால் அழுகை நிற்காது.

மே கடைசியில் ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கும். குடியிருப்பு முழுக்க ரஜாயையும் கம்பளியையும் வெளியே தூக்கிப் போடுவார்கள். நீங்களும் போட்டு, காயவைத்து, காற்று இழுக்கும் பையில் கட்டிவிடுங்கள். ஜூன் நடுவில் மழை பிடித்தால் ஜூலை வரை எதுவும் காயாது.